வழிவாய்க்காலும் கணினியும்

நீர்வேலி என்னும் பெயரில் நீரும் இருக்கின்றது, வேலியும் இருக்கின்றது. ஊருக்கு இப்பெயர் வந்த வரலாற்றை ஆராய்வது இன்று நமது நோக்கமன்று. ஆயினும் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. பலருக்கும் வேண்டிய ஒன்றைப் பலரும் பெறுமாறு வழி விடுவதும், வழி பெற்றவர் அளவு கடவாதவாறு காப்பதும் ஆகிய இரு காரியங்களைப் பற்றியே பேசப் போகின்றோம். பொருள் கணினி, ஆனால் அதற்குப் போகும் வழி கிணற்றடியால் செல்கின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறும் மழைக்காலத்தில் மட்டும் தன் பெயரை நினைவூட்டிச் செல்வது. பெய்த மழை சுண்ணக்கல்லின் இடுக்குகளில் இறங்கித் தங்க, அதைக் கிணறு தோண்டி இறைத்தே எங்கள் முன்னோர் தோட்டஞ் செய்தார்கள். கல்லை வெட்டிக் கிணறு தோண்டுவது எளிய செலவன்று. ஆதலால் ஒரு கிணறு பல குடும்பங்களுக்கு உரியதாயிற்று. காணி பிரிந்து பிள்ளைகளுக்குப் போகும்போது கிணறும் பங்காகப் பிரிந்தது. கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியுமா? பிரிக்கப்பட்டது உரிமை. பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். காணியின் எல்லைகளைச் சொல்லி முடித்தபின், கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, அக்கிணற்றுக்குப் போய்வரும் வழி, நீர் வந்து பாயும் வாய்க்கால் என்று நொத்தாரிசு ஒவ்வொன்றாக எழுதிச் செல்வார். ‘வழிவாய்க்கால்’ என்ற ஒரு சொல்லிலே எத்தனை வழக்குகள் அடங்கியிருக்கின்றன என்பதை யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகள் அறிவார்கள்.

இந்த உரிமையின் தன்மையைச் சற்று நின்று நோக்குவது நல்லது. மற்றொருவர் வளவுக்குள் இருக்கும் கிணற்றிலே எனக்கு எட்டில் ஒரு பங்கு உண்டென்று வைத்துக்கொள்வோம். எனது முறை நாளிலே படலையைத் திறந்து உள்ளே செல்ல எனக்கு உரிமை உண்டு. வளவுக்காரர் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவராயினும் வழியை மறிக்க முடியாது. நான் நீரை இறைக்கலாம். வாய்க்காலால் எனது தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால், போகும் வழியில் நிற்கும் வாழையில் ஒரு குலையை வெட்ட எனக்கு உரிமையில்லை. புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டவும் உரிமையில்லை. வீட்டுத் திண்ணையில் ஏறி இருக்கவும் உரிமையில்லை. உள்ளே போகும் உரிமை வேறு. உள்ளே இருப்பவற்றின் மேலுள்ள உரிமை வேறு. உரோமன் டச்சுச் சட்டம் இதற்குத் தனிப் பெயர் வைத்து விரிவாகப் பேசுகின்றது. சட்டம் படியாத தோட்டக்காரரும் இதை நன்கு அறிந்தே நடந்தார்கள்.

இனிக் கணினிக்கு வருவோம். ஓர் இடத்திலிருக்கும் கணினியை வேறோர் இடத்திலிருந்து, அதன் முன்னே அமர்ந்திருப்பது போலவே இயக்குதல் இன்று எளிதான காரியம். அங்குள்ள திரை இங்கே தெரிகின்றது. இங்கே நாம் அசைக்கும் சுட்டி அங்கே அசைகின்றது. நீர்வேலியிலும் அயலூர்களிலும் பிறந்து கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் பிள்ளைகள் பலர், ஊரிலுள்ள பெற்றோரின் கணினியை இவ்வாறு திருத்திக் கொடுக்கின்றார்கள். ‘தம்பி, கடிதம் திறக்குதில்லை’ என்று தகப்பனார் தொலைபேசியில் சொன்ன மாத்திரத்தில், ரொறன்ரோவில் இருக்கும் மகன் தன் மேசையிலிருந்தபடியே அதைத் திறந்து கொடுக்கின்றான். பாடசாலைகளின் கணினி அறைகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், வங்கிக் கிளைகளிலும் இதே முறை வேறு வேறு உருவில் நடைபெறுகின்றது. கொழும்பிலிருந்து ஒரு தொழில்நுட்பவியலாளர் பேருந்தேறி வந்து ஒரு சிறு பிழையைத் திருத்திவிட்டுத் திரும்பும் செலவும் நாளும் மிச்சமாகின்றன. இது பெரிய நன்மை. இதை மறுப்பவர் எவரும் இரார்.

ஆனால் வழி விடும்போது எவ்வளவு வழி விட்டோம் என்ற கேள்வியை நம்மிற் பெரும்பாலோர் கேட்பதில்லை. தகப்பனாருக்குக் கடிதம் திறந்து கொடுப்பதற்காக மகனுக்குக் கொடுக்கப்பட்ட அதே உரிமையால், அக்கணினியில் உள்ள யாவற்றையும் எடுக்கலாம், அழிக்கலாம், புதிதாக எதையும் நிறுவலாம். மகன் நல்லவன் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவனுடைய கடவுச்சொல் வேறொருவர் கையில் அகப்பட்டால், அவரும் அந்த வளவுக்குள் மகனாகவே நுழைவார். கிணற்றுப் பங்குக்காரனுக்கு வீட்டின் திறப்புக் கோவையையே கொடுத்துவிட்ட நிலை இது.

இக்கேள்வி புதியதன்று. ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஒழுங்கு 1961 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பெர்னாண்டோ கோர்பற்றோ என்பவரின் முயற்சியால் உருவானது. ஒவ்வொருவருக்கும் இத்தனை நேரம் என்று முறை வகுத்திருந்தார்கள். எங்கள் கிணற்று முறையே போல. அவரவர் கோப்பை அவரவரே பார்க்க வேண்டும் என்பதற்காகக் கடவுச்சொல்லும் ஏற்பட்டது. 1962 இல் அலன் ஷேர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையினால், எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டெடுத்துப் பிறருடைய முறையிலும் வேலை செய்தார் என்பது வரலாறு. கடவுச்சொல் பிறந்த மறு ஆண்டே அது களவும் போயிற்று! 1975 இல் சோல்சர், ஷ்ரோடர் என்னும் இருவர் அங்கிருந்தே எழுதிய கட்டுரையொன்றில், எந்தப் பயனருக்கும் எந்த நிரலுக்கும் அதன் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த உரிமையே இருத்தல் வேண்டும் என்ற விதி தெளிவாக வைக்கப்பட்டது. கணினிக் காவல் பற்றிய நூல்கள் இன்றும் அவ்விதியிலிருந்தே தொடங்குகின்றன. எங்கள் நொத்தாரிசுகள் இக்கட்டுரையைப் படித்தவர்களல்லர் என்பது வேறு விடயம்.

இவ்விதியை நடைமுறைக்குக் கொண்டுவருவது எவ்வாறு? முதலிலே, தொலைவிலிருந்து இயக்குவதில் இரு வகை உண்டு என்பதை அறிதல் வேண்டும். ஒன்று, கணினியின் ஆசனத்தில் நாமே ஏறி அமர்வது போன்றது. விண்டோஸ் கணினிகளிலுள்ள தொலைமேசை முறை இவ்வகையைச் சார்ந்தது. தொலைவிலிருந்து ஒருவர் உள்ளே வந்ததும் அங்குள்ள திரை பூட்டிக்கொள்ளும். அங்கே இருப்பவர் என்ன நடக்கின்றது என்பதைக் காணமாட்டார். மற்றது, ஆசனத்தில் இருப்பவரின் அருகே ஒரு நாற்காலியைப் போட்டு அமர்வது போன்றது. இங்கே இருவரும் ஒரே திரையைக் காண்பார்கள். வந்தவர் செய்வது வீட்டுக்காரருக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் அந்த நொடியே இணைப்பைத் துண்டிக்கலாம். வயதான பெற்றோருக்கு உதவி செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கு இரண்டாம் வகையே ஏற்றது என்பது என் எண்ணம். தகப்பனார் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்தால், அடுத்த முறை அவரே அதைச் செய்யக் கற்றுக்கொள்ளவுங் கூடும்.

இரண்டு வகையிலும் உரிமையைக் குறுக்குவதற்கு வழிகள் உண்டு. கணினியிலே பயனர் கணக்குகள் ஒரே தரத்தனவல்ல. எதையும் மாற்ற வல்ல நிருவாகி ஒருவர். தம் வேலையை மட்டும் செய்யக்கூடிய சாதாரண பயனர் மற்றொருவர். தொலைமேசை வழியே நிருவாகி நுழையலாம் என்பது விண்டோஸ் தானாகவே வைத்திருக்கும் ஒழுங்கு. ஆனால் தொலைமேசைப் பயனர் என்னும் தனிக் குழு ஒன்றும் உண்டு. சாதாரண பயனர் ஒருவரை அக்குழுவிற் சேர்த்தால் அவர் தொலைவிலிருந்து உள்ளே வருவார். தமக்குரிய கோப்புக்களைத் திறப்பார். மென்பொருளை நிறுவவோ பிறர் கோப்பைத் தொடவோ அவரால் இயலாது. படலை திறக்கும், வாழைக்குலை பாதுகாப்பாக இருக்கும். ஓர் அலுவலகத்திற் கணக்கெழுதும் பெண்மணி வீட்டிலிருந்தபடி வேலை செய்வதற்கு இவ்வளவே போதும். ஆனாற் பல இடங்களில், ‘அது வேலை செய்யவில்லை, இது திறக்கவில்லை’ என்ற முறைப்பாட்டைத் தவிர்ப்பதற்காக எல்லோரையும் நிருவாகியாக்கி விடுகின்றார்கள். இது சோம்பலினாற் செய்யப்படுவதேயன்றி வேறில்லை.

பார்க்க மட்டும் அனுமதித்தல் இன்னொரு முறை. கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஆய்வுகூடமொன்றில் தொண்ணூறுகளிலே உருவாகிய வீ.என்.சீ. என்னும் முறையிலும் அதன் வழிவந்த மென்பொருட்களிலும், வருபவர் திரையைக் காணலாம், கை வைக்க முடியாது என்று வரையறுக்கலாம். லினக்ஸ் வகைக் கணினிகளை ஆள்வோர் எஸ்.எஸ்.எச். என்னும் முறையைக் கையாள்வர். பழைய ரெல்நெற் முறையிலே கடவுச்சொல் மூடி மறைக்கப்படாமலே கம்பியிற் சென்றது. ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் அவ்வாறு சென்ற சொற்களை எவரோ ஒட்டுக்கேட்டுத் திரட்டிய பின்னர், 1995 இல் ததூ யுலோனென் என்பவர் எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் இப்புதிய முறையை ஆக்கினார். இதில் ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவருக்குக் கொடுக்கும் திறவுகோலோடு ஒரேயொரு கட்டளையைப் பிணைத்துவிடலாம். அத்திறவுகோலால் நுழைபவர் அக்கட்டளையை மட்டுமே நடத்தலாம். வேறெதைக் கேட்டாலும் கணினி செவி கொடாது. இரவிலே கோப்புக்களின் பிரதியை எடுத்துச் செல்லும் வேலைக்கு ஒரு திறவுகோல். அவ்வேலை முடிந்ததும் கதவு தானே மூடும். நீர் இறைக்க வந்தவன் நீர் மட்டும் இறைத்துப் போகும் வழி இதுவே.

பாடசாலைக் கணினி அறையில் இப்பொருள் வேறொரு முகங் காட்டுகின்றது. வெயோன் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, ஆசிரியர் தம் இடத்திலிருந்தே எல்லா மாணவர் திரைகளையும் சிறு படங்களாகக் காணலாம். ஒருவர் திரையை மற்றவர்க்குக் காட்டலாம். கவனங் கலைந்தால் எல்லாத் திரைகளையும் பூட்டிவிடலாம். ஆசிரியரின் கணினியில் அந்தரங்கத் திறவுகோலும் மாணவர் கணினிகளில் அதற்கேற்ற பொதுத் திறவுகோலும் இருக்கும். அவசரத்தில் இரண்டையும் எல்லாக் கணினிகளிலும் பிரதி செய்துவிட்டால், கெட்டிக்கார மாணவன் ஒருவன் ஆசிரியர் திரையையே பூட்டிவிடுவான். அது சிரிப்பதற்குரியது. சிரிக்க இயலாதது ஒன்றுமுண்டு. பிள்ளைகள் அறியாமல் அவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருத்தல் கல்வியாகாது. இன்ன பாடவேளையில் பார்க்கப்படும் என்று முன்னரே சொல்லுதல் வேண்டும். பாட வேளைக்கு வெளியே அந்த உரிமை ஆசிரியருக்கும் இருத்தலாகாது. கிணற்று முறை பங்குக்காரனை மட்டுமன்றி வளவுக்காரனையும் கட்டுப்படுத்தியது என்பதை மறத்தல் கூடாது.

உரிமையை அளவின்றி விட்டதன் விளைவுக்கு உலகம் கண்ட இரு நிகழ்ச்சிகளைச் சொல்லுகின்றேன். முதலாவதில் நமது நாட்டுக்கும் பங்குண்டு. 2016 பெப்ரவரி மாதத் தொடக்கத்தில் பங்களாதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் முன்னரே ஊடுருவியிருந்த கள்வர், அவ்வங்கியின் பெயரால் நியூயோர்க்கிலுள்ள வங்கிக்கு 35 பணக் கட்டளைகளை அனுப்பினர். கேட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி டொலர். அவற்றுள் 5 கட்டளைகள் நிறைவேறின. 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் சென்றது. 2 கோடி டொலர் இலங்கைக்கு வந்தது. இலங்கையிற் பணம் பெறவிருந்த அமைப்பின் பெயரில், ‘பவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிழையோடு அவர்கள் எழுதியிருந்தமையால் இடையிலிருந்த வங்கி ஐயங்கொண்டது. அத்தொகை தடுக்கப்பட்டுத் திரும்பியது. இந்நிகழ்ச்சியில் எழுத்துப் பிழையைப் பற்றியே எல்லோரும் பேசுவர். நான் கவனிக்க வேண்டுவது வேறு. ஒவ்வொரு பணக் கட்டளையும் தானாகவே தாளில் அச்சாகும்படி அவ்வங்கியில் ஓர் அச்சுப்பொறி இருந்தது. கள்வர் அதைச் செயலிழக்கச் செய்தனர். உள்ளே யார் வந்தார், என்ன செய்தார் என்பதை எழுதிவைக்கும் குறிப்பேட்டை, உள்ளே வந்தவரே அழிக்கக்கூடியதாக வைத்திருந்தால் அது குறிப்பேடாகாது. அத்தகைய பதிவு, நுழைபவரின் கை எட்டாத வேறொரு கணினியில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, நீரோடு தொடர்புடையது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஓல்ட்ஸ்மார் என்னும் சிறு நகரம் உண்டு. 2021 பெப்ரவரி 5 ஆந் திகதி, அந்நகரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திற் கடமையிலிருந்த ஊழியர், தம் திரையில் சுட்டி தானே அசைவதைக் கண்டார். நீரிற் சேர்க்கும் எரிசோடாவின் அளவு பத்து இலட்சத்தில் 100 பங்கு என்பதிலிருந்து 11,100 பங்காக உயர்த்தப்பட்டது. அவர் உடனே அதைப் பழைய அளவுக்குத் திருப்பினார். எவருக்கும் தீங்கு நேரவில்லை. வெளியார் ஒருவர் ரீம்வியூவர் மென்பொருள் வழியே நுழைந்தார் என்று முதலிற் சொல்லப்பட்டது. 2023 இல், அப்போது நகர நிருவாகியாயிருந்தவர், அது உள்ளேயிருந்த ஊழியர் ஒருவரின் கைத்தவறாகவும் இருக்கலாம் என்னும் பொருள்படக் கூறினார். எது உண்மை என்பதைத் துணிய முடியாமற் போனதே இங்கு பாடம். அந்நிலையத்தின் கணினிகளுக்குத் தொலைவிலிருந்து நுழைய எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினர் என்று விசாரணையிற் தெரியவந்தது. பத்துப் பேருக்கு ஒரே பெயரென்றால், பதினோராவது ஆளை எவ்வாறு இனங் காண்பது? எனவே, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு என்பது ஆடம்பரமன்று. குற்றஞ் செய்யாதவரைக் காப்பாற்றுவதும் அதுவே. நம் சிறு அலுவலகங்களில் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் அந்த மஞ்சள் துண்டுக் கடதாசியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, வேலியில் ‘பொட்டு’ என்று நாம் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அயல் வீட்டார் வந்துபோக வேலியிலே ஆள் நுழையுமளவு இடைவெளி விடுவது எங்கள் ஊர் வழக்கம். அது அன்பின் அடையாளம். அதே பொட்டால் ஆடும் நுழையும். விண்டோஸ் தொலைமேசைக்கு 3389 என்னும் இலக்கமுடைய வாசல் உண்டு. அவ்வாசலை நேரே இணையத்தை நோக்கித் திறந்து வைத்தால், உலகின் எங்கெங்கோ இருந்து இயந்திரங்கள் இரவு பகலாகக் கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிப் பார்க்கும். 2019 மே மாதத்தில், பழைய விண்டோஸ் கணினிகளிலே கடவுச்சொல் இல்லாமலே இவ்வாசலால் நுழையத்தக்க குறைபாடொன்று வெளிப்பட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2014 இலேயே கைவிட்டிருந்த எக்ஸ்.பி. பதிப்புக்குங்கூடத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. ஆதலால் வெளியேயிருந்து வருபவர் முதலில் வீ.பி.என். என்னும் மறைவழிக்குள் புகுந்து, இரண்டாவது அடையாளத்தையும் காட்டி, அதன்பின்னரே தொலைமேசையின் வாசலுக்கு வருமாறு செய்வது முறை.

பொட்டை நாமே வெட்டிக் கொடுக்கும்படி இனிமையாகப் பேசுவோரும் உளர். ‘உங்கள் வங்கிக் கணக்கில் ஒரு பிழை, இந்தச் செயலியை இறக்கி, அதில் வரும் இலக்கத்தைச் சொல்லுங்கள்’ என்று தொலைபேசியில் ஒரு குரல் வரும். இலக்கத்தைச் சொன்னவுடன் நமது கைபேசியின் திரை அவர் கைக்குப் போய்விடும். 2019 பெப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் என்னும் செயலியைக் கொண்டு இவ்வாறு நடைபெறும் மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. செயலி குற்றமற்றது, கத்தியைப் போல அதுவும் பிடித்த கைக்கு உதவும். நாம் அழைக்காமல் உதவி செய்ய வரும் எவருக்கும் அந்த இலக்கத்தைச் சொல்லாதிருத்தல் ஒன்றே காவல்.

சட்டமும் உண்டு. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, உரிமையில்லை என்று அறிந்தும் ஒரு கணினியை அணுக முயல்வது இலங்கையிற் குற்றமாகும். நம்பி ஒப்படைக்கப்பட்ட கடவுச்சொல்லை அனுமதியின்றி இன்னொருவருக்குச் சொல்வதும் அச்சட்டத்திற் குற்றமே. ஆனால் உரிமை எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதை எவரும் எழுதிவைக்காத இடத்தில், எல்லை மீறப்பட்டது என்பதை எவ்வாறு நிறுவுவது?

இங்கே 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் நினைவுக்கு வருகின்றது. பத்து ஆண்டுகள் இடையறாது, எதிராக, எவர் அனுமதியும் பெறாது அனுபவித்தவருக்கு அந்த அனுபவமே உரிமையாகும் என்பது அதன் சாரம். ஒழுங்கையாய் இல்லாத நிலம் ஒழுங்கையான கதைகள் எங்கள் ஊர்களிற் பல. கணினிக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆயினும் நடைமுறையில் அங்கே பத்து ஆண்டுங் கூட வேண்டியதில்லை. வேலையை விட்டுப் போன எழுதுவினைஞரின் கணக்கும், ஒருமுறை திருத்த வந்த தொழில்நுட்பவியலாளருக்குத் திறந்த வழியும், மூடுவாரின்றிக் கிடந்து நிலைத்துவிடுகின்றன. எனவே, உரிமை கொடுக்கும் அன்றே அது முடியும் நாளையும் குறித்தல் வேண்டும். கணக்குக் காலாவதியாகும் திகதியைக் கணினியிலேயே பதிந்து வைக்கலாம். அந்நாள் வந்ததும் அது தானே மூடும்.

ஒரு கூட்டுறவுச் சங்கமோ பாடசாலையோ இதற்கெனப் பெரிய ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. ஒரு தாளை எடுத்து, எந்தக் கணினி, யார் வரலாம், எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது, எந்த நாட்களில், எந்தத் திகதி வரை, இடையில் மறிக்க வேண்டுமானால் யாரை அழைப்பது என்று உறுதி எழுதுவது போல எழுதி, இரு தரப்பாரும் ஒப்பமிட வேண்டும். அத்தாளைக் கணினிக்குள் வைக்காது அலுமாரியில் வைப்பது நல்லது. கணினி திறக்க மறுக்கும் நாளிலேதான் அது தேவைப்படும்.